எயார்பிக்ஸ் 1/72 போஃபைட்டர்: வவுனியாவில நிண்ட பிளேனை மேசையில ஒட்டி முடிச்சன்

எயார்பிக்ஸ் எண்ட பிளாஸ்ரிக் மொடல் கொம்பனிக்காரர் 2015ல புது அச்சில விட்ட கிட் (பார்ட்ஸ் பாத்து ஒட்டிச் சேக்கிற பெட்டி) இது, ரெண்டாம் உலக யுத்தத்துப் பிரிட்டிஷ் சண்டை விமானம் பிரிஸ்டல் போஃபைட்டர் ரீ.எஃப். 10, 1/72 அளவு, எண்டா உண்மைப் பிளேனில 72ல ஒரு பங்கு. ஒட்டி, பெயின்ற் அடிச்சு, முந்தநாள் தான் முடிச்சனான். பெடியள் ரெண்டு மூண்டு பேர் வாங்கலாமோ அண்ணை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவங்கள், ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்காம ஒரேயடியா இங்க எழுதிவிடுறன். வாங்குங்கோ. ரெண்டு மூண்டு சின்னக் கிட் ஒட்டிப் பழகின ஆளெண்டா யோசிக்கவே வேண்டாம், முதல் கிட்டே இது தான் எண்டா மட்டும் கொஞ்சம் பொறுங்கோ, ரெண்டு எஞ்சின் பிளேன் எண்டா எல்லா வேலையும் ரெண்டு மடங்கு.

ஏன் போஃபைட்டர் எண்டு கேப்பியள். இந்தப் பொழுதுபோக்கில இருக்கிற எல்லாரும் ஸ்பிற்ஃபயர் எண்ட பிரிட்டிஷ் சண்டை விமானத்தில தான் தொடங்கிறது, நானும் அப்பிடித்தான், கிளிநொச்சியில வாடகை அறையில இருந்து ஒட்டின முதல் கிட் அது தான். ஆனா எனக்கு மனசுக்குள்ள ஒண்டு கிடந்தது. எங்கட வயசில வன்னியில வளந்த ஆக்களுக்குப் பிளேன் எண்டா சத்தம் தான். குண்டு போடுற கிபிர் ஜெட் எண்டா காதைக் கிழிச்சுக்கொண்டு வரும், வண்டு எண்டு நாங்கள் சொல்லிற ஆளில்லாத வேவு விமானம் எண்டா நாள் முழுக்க மேல ரீங்காரம் போட்டுக்கொண்டு நிக்கும், பங்கருக்குள்ள இருந்து எது வருது எவ்வளவு கிட்ட வருது எண்டு சத்தத்தை வைச்சே சொல்லுவம். 2008ல எனக்குப் பதினாலு வயசு. ஒரு பிளேனின்ர செட்டை எப்பிடி உடம்போட பொருந்துது, எஞ்சினுக்கு எங்கால காத்துப் போகுது, ஓட்டிறவன் எதுக்குள்ள இருக்கிறான், இதொண்டும் தெரியாது. தலை நிமித்திப் பாக்கிறதுக்கு ஆர் விட்டது? இந்த வேலையில நான் விழுந்ததுக்குக் காரணம் அது தான், கையில எடுத்து, திருப்பி, அடிப்பக்கம் பாக்க வேணும் எண்டிற ஆசை.

பிறகு ஒருநாள் வாசிக்கேக்க தான் தெரிஞ்சது, வவுனியா விமானத் தளம் ரெண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டிஷ் விமானப் படையின்ர தளமா இருந்தது எண்டு. 1942 ஏப்ரல் 5 ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்டான், 9ஆம் திகதி திருகோணமலையில போட்டான், அதுக்குப் பிறகு இலங்கை முழுக்கத் தளங்களைப் பெருப்பிச்சவங்கள். 1943 ஒக்ரோபர்ல 89ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் படைப் பிரிவு) இரவுச் சண்டைப் போஃபைட்டரோட வவுனியாவுக்கு வந்தது. 22ஆவது ஸ்குவாட்ரன் அங்க முதல் போஃபோட் எண்ட குண்டு விமானம் வைச்சிருந்து 1944 நடுப்பகுதியில போஃபைட்டர் 10க்கு மாறினது. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது அந்த 10 தான். அம்மப்பா வவுனியாப் பக்கம் தான் பிறந்து வளந்தவர், சின்னப்பெடியனா இருக்கேக்க ரெண்டு மெசின் வைச்ச பிளேன் வயலுக்கு மேலால பதிஞ்சு போகும், மாடெல்லாம் கயித்தை அறுத்துக்கொண்டு ஓடும் எண்டு சொல்லுவார். அப்ப நாங்கள் அதைக் கதையாத்தான் கேட்டது. அவர் இப்ப இல்லை.

கிட் லண்டனில இருந்து மச்சாள் வரேக்க கொண்டுவந்தவா, அப்ப அங்க இருபது பவுணுக்குக் கிட்ட. முதல் ஒருக்கா வேற கிட் ஒண்டைப் பார்சலில எடுப்பிச்சு, அது வந்து சேரேக்க பெட்டி வெயிலில கிடந்து செட்டை அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு, கொண்டுவந்தவை ஆர் எண்டு எழுத விரும்பேல்ல, ஆனா பங்குனி சித்திரையில பார்சலில மட்டும் எடுப்பியாதேங்கோ. வாற ஆக்களின்ர சூட்கேசில உடுப்புக்கு நடுவில வைச்சு எடுப்பிக்கிறது தான் நல்லது.

பெட்டியைத் திறந்தா வெளிர் சாம்பல் பிளாஸ்ரிக், கொஞ்சம் மெத்து, கத்தி சொகமா இறங்கும், அதால ஸ்புரூவில (பார்ட்ஸ் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிற பிளாஸ்ரிக் சட்டம்) இருந்து வெட்டேக்க பார்ட்ஸை ஒட்ட வெட்டாம ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, பிறகு தேய்ச்சு எடுங்கோ. பனல் கோடுகள் நல்லா ஆழமா இருக்கு. உண்மைப் பிளேனில இவ்வளவு தெரியுமோ எண்டு சில ஆக்கள் குறை சொல்லுவினம், எனக்கு அது பிடிச்சுது, ஏனெண்டா தூரிகையால பெயின்ற் அடிக்கிற ஆளுக்கு ரெண்டு மூண்டு கோட் அடிச்சாப் பிறகும் கோடு மூடுப்படாம நிக்கும், வாஷ், எண்டா தண்ணியாக் கரைச்ச கடும் நிறப் பெயின்ற், விட்டா நூல் பிடிச்ச மாதிரி ஓடும். தாளில படம் பெருசா, அடுத்ததா ஒட்டிறது எது, முதல் ஒட்டினது எது எண்டு நிறம் பிரிச்சுப் போட்டிருக்கு, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாட்டிலும் ஒட்டலாம்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேணும். ஹேர்க்குலிஸ் எஞ்சின், முன்னுக்கு ஏழு பின்னுக்கு ஏழு எண்டு பதினாலு சிலிண்டர், சாதாரண வால்வ் இல்லாம சிலிண்டருக்குள்ள ஒரு உறை மேல கீழ போய் வந்து திருகித்தான் காத்தை உள்ள விடுறது. அதால தான் மற்ற வட்ட எஞ்சினுகளில தெரியிற தள்ளுகோல் ஒண்டும் இதில முன்னுக்குத் தெரியாது, முகம் துப்பரவா இருக்கும். 1/72ல அது என்ர பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவு தான். அதுக்குள்ள சிலிண்டர் வரி வரியா வார்த்திருக்கிறாங்கள். கறுப்பு அடிச்சு, காஞ்சாப் பிறகு தட்டைத் தூரிகையில வெள்ளிப் பெயின்ற் தொட்டுத் துணியில துடைச்சு, கிட்டத்தட்ட ஒண்டும் இல்லாத தூரிகையால மேலால தடவினா வரி ஒவ்வொண்டா எழும்பி வரும். இரவு பத்து மணிக்கு மேசை லைற்றுக்குக் கீழ அந்தச் சிலிண்டர் எழும்பி வாறதைப் பாத்த சந்தோசத்தை எப்பிடி எழுதிறது எண்டு தெரியேல்ல, நித்திரையே வரேல்ல.

ஒட்டிறதுக்கு நான் பாவிச்சது தமியாவின்ர பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின். தண்ணி மாதிரி இருக்கும், ரெண்டு பார்ட்டையும் சேத்துப் பிடிச்சுக்கொண்டு விளிம்பில தூரிகையைத் தொட்டா தானா உள்ள ஓடிப் பிளாஸ்ரிக்கை உருக்கிச் சேத்துப்போடும். இங்கத்தைய வெக்கையில ஒரு பிரச்சினை, மத்தியானம் பாவிச்சா உள்ள ஓட முதலே பறந்து போகும், விடிய ஏழு மணிக்கு முதல் இல்லாட்டி இரவு தான் சரி. நான் ஒருநாள் அவசரப்பட்டு இடப்பக்க எஞ்சின் கூட்டைப் பொருத்தேக்க என்ர விரல் பொருத்துக்கு மேல இருந்ததைக் கவனிக்கேல்ல, கம் விரலுக்குக் கீழால ஓடி, எடுத்துப் பாத்தா என்ர கைரேகை அப்பிடியே பிளாஸ்ரிக்கில பதிஞ்சு போச்சு. துடைக்கக் கூடாது, துடைச்சா இழுபட்டு இன்னும் மோசமாகும். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, ஹார்ட்வெயாரில கார் பெயின்ற்காரர் வாங்கிற வோட்டர் பேப்பர் 1000, பிறகு 2000, தண்ணி தொட்டுத் தேய்ச்சு எடுத்தன். மொடலுக்கு எண்டு விக்கிற தேய்ப்புத் தாளுக்குக் காசைக் கொட்டாதேங்கோ, இது காணும்.

பின் செட்டையில கவனம். இந்தப் பிளேனின்ர பின் செட்டை ரெண்டும் நேராப் படுக்காது, மேல் நோக்கிச் சரிஞ்சு நிக்கும், பிறகு வந்த போஃபைட்டருகளில தடுமாற்றத்தைக் குறைக்கிறதுக்காகச் செய்த மாத்தம் அது. ரெண்டு பக்கமும் ஒரே சரிவோ எண்டு மூக்குக்கு நேர முன்னால குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கோ, கம் இறுக முதல் திருத்தினாத் தான் உண்டு.

பெயின்ற். என்னட்டை எயார்பிரஷ் இல்லை, கொம்பிரசர் வாங்கிற அளவுக்கு இன்னும் வரேல்ல, எல்லாம் தூரிகை தான். சோளகம் தொடங்கினா வீட்டுக்குள்ள எல்லாம் செம்மண் தூசி, ஈரப் பெயின்றில ஒரு மணல் துணிக்கை விழுந்தா அந்தச் செட்டை போச்சு. அம்மா உடுப்புத் தோய்க்கிற பிளாஸ்ரிக் பேசினைக் கழுவித் துடைச்சு, பெயின்ற் அடிச்ச உடன அதால கவிட்டு மூடிவிடுறது, காய்ஞ்சாப் பிறகு தான் திறக்கிறது. மாரியில இன்னொரு கரைச்சல் இருக்கு, மழை பெய்யேக்க மினுக்கம் இல்லாத மாற் வார்னிஷ் ஸ்பிறே அடிச்சா வெள்ளை பூத்துப்போகும், காத்தில இருக்கிற ஈரம் வார்னிஷுக்குள்ள பிடிபடுறது. வெயில் எறிக்கிற நாளுக்குக் காத்திருங்கோ, நான் இதுக்காக மட்டும் ஒம்பது நாள் காத்திருந்தனான்.

மேல பச்சையும் மண் நிறமும் அடிச்சன். வட்டச் சின்னம் தனியா வாங்கின டீக்கல், தண்ணியில நனைச்சு ஒட்டிற மெல்லிய படம். இது முக்கியம், இங்க இந்தியா பர்மாப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் பிளேனுகளில நடுச் சிவப்பு இருக்காது. ஜப்பான்காரன்ர சின்னம் சிவப்பு வட்டம், தூரத்தில பாக்கேக்க தன்ர ஆக்களே தன்ர பிளேனைச் சுட்டுப்போடுவினம் எண்டு சிவப்பை எடுத்துப்போட்டு கடும் நீலமும் வெளிர் நீலமும் மட்டும் வைச்சவங்கள். ஒட்டிறதுக்கு முதல் பளபளப்பான கிளோஸ் வார்னிஷ் கட்டாயம், இல்லாட்டி டீக்கலுக்குக் கீழ காத்துப் பிடிச்சு மினுங்கும்.

கடைசியா அன்ரெனாக் கம்பி. கடையில நூல் விக்கினம், வேண்டாம். மிஞ்சின ஸ்புரூத் துண்டைக் குப்பிவிளக்குச் சுவாலைக்கு மேல, தொடாம, ஒரு விரல் உயரத்தில பிடிச்சு உருட்டிக்கொண்டே இருங்கோ. நடு மினுங்கத் தொடங்கி, தொய்ய வெளிக்கிடும், அந்த நேரம் வெளியில எடுத்து ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிப்போட்டு இழுத்தா தலைமயிர் மாதிரி நீளும். கெதியா இழுத்தா மெல்லிசு, ஆறுதலா இழுத்தா தடிப்பு. நான் பதினொரு தரம் இழுத்து ஒண்டைத் தெரிஞ்செடுத்தனான்.

அதை இழுத்துக்கொண்டிருக்கேக்க தான் அம்மா வந்து பக்கத்தில இருந்தவா. என்ர மேசைப் பக்கம் அவா வாறதில்லை, பிளேனைக் கண்டா முகம் மாறிப்போகும், நானும் வற்புறுத்திறதில்லை. அண்டைக்கு வந்து, தொடாமப் பாத்துக்கொண்டிருந்து, இது கிபிரோ எண்டு கேட்டா. இல்லையம்மா, இது அம்மப்பா சொன்ன ரெண்டு மெசின் பிளேன் எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு, அப்பு மாடு ஓடின கதை சொல்லுறவர் எண்டா. எழும்பிப் போகேக்க, எங்க வேணுமெண்டாலும் வை, விறாந்தையில மட்டும் வையாதை எண்டிட்டுப் போனவா. அதால என்ர அறை அலுமாரியில தான் நிக்குது, செட்டை நுனியில இருந்து நுனிக்கு 24 சென்ரிமீற்றருக்கு மேல வரும், அலுமாரித் தட்டை அளந்துபோட்டு வாங்குங்கோ.

கிட்டோட சேத்து வாங்க வேண்டினது பச்சை மூடிக் கம், நல்ல கத்தி, மாஸ்கிங் ரேப். கண்ணாடி மூடியில சட்டம் கனக்க இருக்கு, ரேப் இல்லாம கை நடுக்கத்தோட அடிக்கேலாது. கண்ணாடிக்கு மட்டும் சுப்பர் குளூ பாவியாதேங்கோ, அதின்ர ஆவி பட்டுப் புகைஞ்சு வெள்ளையாப் போகும், சாதாரண வெள்ளைக் கம் போதும்.

அடுத்தது போஃபோட் தான், அதே 22ஆவது ஸ்குவாட்ரன், 1943 வவுனியா. அந்தக் காலத்தில வவுனியாத் தளத்தில நிண்ட பிளேனின்ர போட்டோ ஆரின்ரயும் வீட்டுப் பழைய பெட்டியில கிடந்தா, மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, போனில ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ.