வட்டைக் காவலுக்கு எந்தத் தோட்டா? 12 போர் வகைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பயிர்க் காவலுக்கென்று உரிமம் எடுத்த துவக்கு மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்து வயல் வட்டைகளிலும் அநேகமாக 12 போர் என்ற குழல் அளவுதான். துவக்கை நினைத்தபடி மாற்ற முடியாது, தோட்டாவை மாற்றலாம். ஆனால் கடைக்குப் போய் "பன்றிக்கு ஒரு தோட்டா தாங்க" என்று கேட்டு, எடுத்து நீட்டுவதை வாங்கி வருகிறவர்களே அதிகம். வேளாண்மை பால் கதிருக்கு வரும் நேரத்தில் பன்றி இறங்கும்போதுதான் அந்தத் தோட்டா எதற்கு உதவாது என்பது தெரியவரும்.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதை யூடியூப்பில் பார்த்துவிட்டு, 240 கிரெயின் நல்லதா 300 கிரெயின் நல்லதா என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அது அங்கத்தைய கதை. இங்கே மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றுக்கு எந்தத் தோட்டாவும் பொருத்தமில்லை. என்றாலும் அந்த விவாதத்தில் நமக்கும் உதவும் ஒரு விஷயம் உண்டு. 44 மெக்னம் கைத்துப்பாக்கிக்கு 180, 240, 300 கிரெயின் எடைகளில் குண்டு வருகிறது, அதாவது ஏறத்தாழ 11.7, 15.6, 19.4 கிராம். எடை குறைந்த குழிமுனைக் குண்டு வேகமாகப் போய், தோலுக்குக் கீழேயே விரிந்து நின்றுவிடக்கூடும். எடை கூடியது ஆழமாக இறங்கும், சிலவேளை விரியாமலே மறுபக்கம் போய்விடும். அதனால்தான் மானுக்கு 240ஐ அங்கே நடுவழியாகப் பார்க்கிறார்கள். 12 போர் தோட்டாவுக்குள் நிறைத்திருக்கும் ஈயச் சன்னத்துக்கும் கணக்கு இதேதான். ஆழமாக இறங்குவதற்கு எண்ணிக்கை உதவாது, ஒவ்வொரு சன்னத்தின் எடைதான் உதவும்.

பன்றிக்கு எஸ்.ஜி. என்ற பெரிய சன்னத் தோட்டாவைத்தான் எடுக்கச் சொல்வோம். சன்னம் ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீற்றர், ஏறத்தாழ 3.5 கிராம். 32 கிராம் ஈயம் உள்ள தோட்டாவில் ஒன்பது சன்னம் இருக்கும். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பக்கத்தில் தோலுக்கடியில் கேடயம் போலத் தடித்த பகுதி உண்டு, அதன் மேல் சேறும் காய்ந்து கிடக்கும். இதைத் தாண்டி நெஞ்சுக்குள் போக இந்த எடை வேண்டும். குறி வைக்க வேண்டிய இடம் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில். பன்றியின் இதயம் பலர் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது. முதுகை நோக்கி வைத்த வெடி அதன் மேலால் போகும், அல்லது காயத்தோடு அதைப் பற்றைக்குள் அனுப்பும்.

எஸ்.ஜி.யின் குறை தூரம். சோக் (குழல் வாயின் ஒடுக்கம்) இல்லாத குழலில் சன்னம் ஒரு மீற்றருக்கு இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் வீதம் விரியும் என்று வைத்துக்கொள்ளலாம். 15 மீற்றரில் 40 சென்ரிமீற்றர் அளவு வட்டம், 30 மீற்றரில் 80. பன்றியின் நெஞ்சில் உயிர்நிலை இருப்பதோ 25 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். ஒன்பது சன்னத்தையும் 80 சென்ரிமீற்றர் வட்டத்தில் சமமாகப் பரப்பிப் பார்த்தால் அந்த நெஞ்சுக்குக் கிடைப்பது ஒரு சன்னம். மற்றவை வயிற்றிலோ காலிலோ வேளாண்மையிலோ போய் விழும். ஆகவே 20 மீற்றருக்குள் என்றால் வெடி வைக்கலாம். துவக்கு நெருக்கமாகப் போடுகிறது என்று தாளில் பார்த்து உறுதிசெய்திருந்தால் 25. அதற்கு மேல் வேண்டாம். பரணிலிருந்து ரோச் அடிக்கும்போது தூரம் எப்போதும் குறைவாகவே தெரியும் என்பதால், பகலிலேயே வரம்பில் 20 மீற்றருக்கு ஒரு கம்பை நட்டு வையுங்கள்.

தாளில் பார்ப்பது என்றால், இரண்டு சீமெந்துப் பைகளைப் பிரித்து ஒட்டி, நடுவில் 25 சென்ரிமீற்றர் வட்டம் கீறி, பின்னால் உயரமான மண்மேடு உள்ள இடத்தில் 15, 20, 25 மீற்றரில் ஒவ்வொரு வெடி. வட்டத்துக்குள் நான்கு துளையாவது விழும் கடைசித் தூரமே உங்கள் துவக்கின் எல்லை. முழுச் சோக் உள்ள குழல் பெரிய சன்னத்தை நெருக்கமாகப் போடும் என்று நம்பிவிட வேண்டாம். வாயில் நெரிபட்டு உருக்குலைந்த சன்னம் விலகிப் போகும். அரைச் சோக் அதைவிட நன்றாகப் போடுகிற துவக்குகள் பல.

எல்.ஜி. இன்னும் பெரிது, 9.1 மில்லிமீற்றர். ஆனால் தோட்டாவில் ஆறேழுதான் இருக்கும். மிகக் கிட்டத்தில் தவிர எஸ்.ஜி.யை விட்டு இதற்குப் போகக் காரணமில்லை.

பி.பி., 4ஆம் இலக்கம் என்ற சிறு சன்னத் தோட்டாக்களைப் பன்றிக்கு வாங்குவது காசுக்கும் கேடு, பன்றிக்கும் கேடு. ஒரு எஸ்.ஜி. சன்னத்தின் எடைக்கு எட்டுக்கு மேற்பட்ட பி.பி. சன்னம் வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தோலில் ஏறி நின்ற சன்னத்தோடு ஓடும் பன்றி சீழ் பிடித்துக் கிடந்து சாகும், அல்லது ரோச்சுடன் தேடி வருகிறவரைப் பாயும்.

ஒற்றைக் குண்டுத் தோட்டா, 28 கிராம் ஈயக் கட்டி. பலத்தில் இதற்கு மிஞ்சியது 12 போரில் இல்லை. ஆனால் தட்டையான வட்டையில், இரவில், பக்கத்து வாடியில் ஆள் படுத்திருக்கும் இடத்தில் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். தண்ணீரிலும் இறுகிய களியிலும் பட்டுத் தெறித்துப் போகும் தன்மை இதற்கு அதிகம். எஸ்.ஜி. சன்னமே 600 மீற்றருக்கு மேல் போய் விழக்கூடியது. பரணின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி வைக்கும் வெடி நிலத்தில் முடிவதால், பரண் இல்லாமல் வரம்பில் குந்தியிருந்து சுடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெட்டியின் பெயரைவிடத் தோட்டாவின் உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அமெரிக்க முறையில் இரட்டைப் பூச்சியம் என்று வருவதே நமது எஸ்.ஜி. அளவு. அமெரிக்க பி.பி. 4.57 மில்லிமீற்றர், பிரித்தானிய பி.பி. 4.1. இதைவிடக் குழப்பமானது 4ஆம் இலக்கம்: பறவைச் சன்னத்தில் அது 3 மில்லிமீற்றர் சொச்சம், அமெரிக்கப் பெரிய சன்ன வரிசையில் 6.1. மில்லிமீற்றரைக் கேட்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது நீளம். பழைய துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர். 70 என்று அச்சிட்ட தோட்டாவும் அதற்குள் இலகுவாகப் போகும், ஏனென்றால் அந்த 70 தோட்டாவின் வாய் மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் நெரிபடும், அமுக்கம் ஏறும், வயதான குழல் வெடிக்கலாம். குழலின் அடியில் பொறித்த அளவு தேய்ந்திருந்தால் துவக்குத் திருத்துநரிடம் அளக்கக் கொடுங்கள். 76 என்று கண்டால் பழைய துவக்குக்காரர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாரியில் மட்டக்களப்பு ஈரம் கடதாசித் தோட்டாவை ஊத வைக்கும். பிளாஸ்டிக் உடம்பு தாங்கும், ஆனால் பித்தளை அடி பச்சை பிடிக்கும். அறைக்குள் தானாக இறங்காத தோட்டாவை விரலால் தள்ளி ஏற்றக் கூடாது. துவக்கின் குதிரை (சுத்தியல்) விழுந்தும் வெடிக்காவிட்டால் வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்துத் திறக்கவும். "புஸ்" என்ற மெலிந்த சத்தத்தோடு போனதென்றால் துவக்கை வெறுமையாக்கிக் குழலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே அடைப்பு தங்கியிருக்க அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அளவில் சிறிய 20 போர் தோட்டா கலந்துவிட்டாலும் இதே ஆபத்து: அது 12 போர் அறையைத் தாண்டி உள்ளே போய் மறைந்து நிற்கும், பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறும். 20 போர் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் வருவது அதற்காகத்தான்.

யானைக்கு எந்தச் சன்னமும் இல்லை. எஸ்.ஜி. அதை அங்கேயே வீழ்த்தாது, ஆறாத புண்ணையும் ஆத்திரத்தையும்தான் கொடுக்கும், சட்டப்படியும் பெருங்குற்றம். அதற்கு வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியை (யானை விரட்டும் பட்டாசை) தனிப் பையில் வையுங்கள், தோட்டாவோடு சேர்த்து வைக்க வேண்டாம்.