பெயரில்லாத ஆறு வயர்: பற்றரியா, ட்ரான்ஸ்போமரா?

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம், மருதனார்மடம் பக்கம் மிளகாயும் மாவும் அரைக்கும் மில்லுகளுக்குக் கைமாறி வரும் பழைய திரீ பேஸ் மோட்டர்களில், ஆறு வயரிலும் அடையாளம் அழிந்திருப்பது சகஜம். மீற்றரை ஓமில் வைத்துச் சோடி பிரிப்பது சுகமான வேலை. தொடர்பு காட்டும் இரண்டும் ஒரே காயிலின் (கம்பிச் சுற்றின்) நுனிகள். எது தொடக்கம், எது முடிவு என்பதில்தான் சிக்கல். ஒரு காயில் மாறிப்போனாலும் மோட்டர் உறுமும், கண்டபடி கரண்ட் இழுக்கும், விட்டால் எரிந்தும் போகும்.

பற்றரி முறையில் ஒரு காயிலுக்கு 9 வோல்ற் பற்றரி, இன்னொன்றில் முள்ளு மீற்றர், ஆகக் குறைந்த டிசி அளவில். பற்றரியைத் தொடுக்கும் கணத்தில் முள் முன்னுக்குத் துள்ளினால், பற்றரியின் பிளஸ் பிடித்த நுனியும் மீற்றரின் கறுப்பு வயர் பிடித்த நுனியும் ஒரே இனம். இரண்டையும் தொடக்கம் என்று குறியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ட்ரான்ஸ்போமர் காயில்களைப் பார்த்த பழக்கத்தில் பிளஸ்ஸோடு மீற்றரின் சிவப்பைச் சேர்த்துவிடுவார்கள். மோட்டரில் காயில்கள் 120 பாகை தள்ளி இருப்பதால், ஒன்றின் காந்தம் மற்றதற்குள் எதிர்ப்பக்கமாகப் புகுகிறது; அதனால் கணக்கும் தலைகீழ். பற்றரியைக் கழற்றும்போது முள் மறுபக்கம் துள்ளும். அதைப் பார்த்துக் குறிக்க வேண்டாம். கழற்றும்போது வெறும் நுனியில் கை பட்டால் சுள்ளென்று அடிக்கும், கவனம்.

ட்ரான்ஸ்போமர் முறையில் இரண்டு காயிலைத் தொடராகக் கோத்து, ட்ரான்ஸ்போமரிலிருந்து 24 வோல்ற் ஏசி கொடுத்து, மூன்றாவதில் அளக்க வேண்டும். வோல்ற் காட்டினால் ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் சேர்ந்திருக்கின்றன. பூச்சியத்தை ஒட்டி நின்றால் ஒரே இன நுனிகள். டிஜிற்றல் மீற்றரே போதும், அளவும் அசையாமல் நிற்கும். அது பெரிய வசதி. ஆனால் உள்ளே இருக்கும் ரோட்டர் காந்தத்தைத் தின்றுவிடுவதால் அளவு குறைவாகவே வரும். வீட்டு 230 வோல்ற்றை நேரே கொடுக்க நினைக்கவே கூடாது.

மூன்று காயிலையும் சமாந்தரமாக இணைத்து, தண்டைக் கையால் சுற்றி மீற்றர் முள் ஆடுகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. ரோட்டரில் மிஞ்சிய காந்தத்தை நம்பும் வேலை அது. கனகாலம் கிடந்த மோட்டரில் நான் நம்பமாட்டேன்.

என் தேர்வு பற்றரி. ஏசி வேண்டாம், மில்லின் மூலையிலேயே பார்த்து முடிக்கலாம். துள்ளல் மங்கலாக இருந்தால் மட்டும் ட்ரான்ஸ்போமரை எடுங்கள். அப்புறம் பெல்ற் போடாமல் ஓட்டி, மூன்று லைனிலும் கிளாம்ப் மீற்றர் பிடித்து, கரண்ட் ஏறக்குறைய ஒரே அளவா என்று பாருங்கள்.