குர்குமின்–பைப்பரின் கேப்சூல்: சிறுநீரகத்தைக் காக்குமா?

குர்குமின் என்பது மஞ்சளில் உள்ள முக்கிய வேதிப்பொருள். இந்தக் கேப்சூல் பாட்டிலின் முகப்பில் "சர்க்கரை பாதிப்பிலிருந்து சிறுநீரகச் செல்களைக் காக்கும்" என்ற வாசகம் இருக்கும். பின்பக்க லேபிளைப் பாருங்கள். மஞ்சள் சாறு 500 மி.கி., அதில் 95 சதவீதம் குர்குமினாய்டு (குர்குமினும் அதன் இனப் பொருள்களும்), கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 5 மி.கி. நாளுக்கு இரண்டு கேப்சூல். இந்த வகையில் பரவலாகக் கிடைப்பது இந்த அளவுதான்.

அந்த வாசகம் முழுப் பொய்யில்லை. ஆய்வகத்தில் சிறுநீரக நுண்குழாய்ச் செல்களை 30 மில்லிமோல் குளுக்கோஸில், அதாவது 540 சர்க்கரையில், வளர்ப்பார்கள். செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறும், டிஜிஎஃப்-பீட்டா என்ற, தழும்பை உண்டாக்கும் புரதம் கூடி நார்த்திசு படியத் தொடங்கும். 10 மைக்ரோமோல் குர்குமின் சேர்த்தால் இந்தச் சேதம் குறைகிறது.

சிக்கல் அந்த 10 மைக்ரோமோலில் இருக்கிறது. அது மில்லிலிட்டருக்கு சுமார் 3.7 மைக்ரோகிராம். 1998-ல் வெளியான ஆய்வில், மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினும் 20 மி.கி. பைப்பரினும் ஒரே வேளையில் கொடுத்தார்கள். ரத்தத்தில் எட்டிய உச்சம் மில்லிலிட்டருக்கு வெறும் 0.18 மைக்ரோகிராம். "உறிஞ்சுதல் 2000 சதவீதம் கூடும்" என்ற விளம்பர வரி பிறந்ததும் இதே ஆய்வில்தான். கூட்டிய பிறகும் ஆய்வகத் தட்டில் செல்களுக்கு ஊற்றிய அளவில் இருபதில் ஒரு பங்கு! கேப்சூலில் இருப்பதோ அந்த அளவிலும் பாதிக்குக் குறைவு.

2011-ல் சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்த 40 நோயாளிகளிடம் இரண்டு மாதம் நடந்த சோதனையில் மஞ்சள் சிறுநீர்ப் புரதத்தைக் குறைத்தது. பிறகு கனடாவில் 519 பேருக்கு நுண்துகள் குர்குமின் தினம் 90 மி.கி. வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதும் குறையவில்லை, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) சரிவும் நிற்கவில்லை. என் கணக்கில் பெரிய சோதனைக்கே எடை அதிகம்.

சாறு இல்லாமல் வெறும் மஞ்சள்தூளை அடைத்த கேப்சூல் என்றால் இன்னும் கவனம் தேவை. அதிலுள்ள ஆக்சலேட் என்ற, கல் உருவாக்கும் உப்பு எளிதில் கரைந்து சிறுநீரில் சேரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தொடவே வேண்டாம். பைப்பரின் கல்லீரலின் மருந்துச் சிதைவைத் தடுக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி டாக்ரோலிமஸ் (உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) எடுப்பவருக்கு அந்த மருந்தின் ரத்த அளவு ஆபத்தாக ஏறலாம்.

தாவரத்தால் சிறுநீரகத்துக்கு நன்மையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்த ஃப்ளோரிசின் என்ற பொருளை மூலமாக வைத்துத்தான் இன்றைய சர்க்கரை மருந்துகளான டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் உருவாயின. சிறுநீரகம் பழுதாவதை இவை தாமதப்படுத்துவதை 2019, 2020-ல் வந்த பெரிய சோதனைகள் காட்டின.

ஆக, சிறுநீரக மருந்து என்று நினைத்து இதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் பாட்டிலையே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் அல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் இஜிஎஃப்ஆரும் பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டில் அந்த விகிதம் 30-ஐ (மி.கி./கிராம்) தாண்டினால், லோசார்டான் வகை ரத்த அழுத்த மருந்தும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தும் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.