நான்கு ஆண்டுகள் எஃப்.எஃப்.டி. கடலில்: என் பயன்பாட்டு அனுபவம்

சிறு படகு ஓட்டும் ஒரு கணினி விளையாட்டுக்காக நான்கு ஆண்டுகளாக எஃப்.எஃப்.டி. கடலைப் பயன்படுத்தி வருகிறேன். எஃப்.எஃப்.டி. என்பது விரைவு ஃபூரியர் உருமாற்றம்; ஆயிரக்கணக்கான எளிய அலைகளை விரைவாகக் கூட்டித்தரும் கணித வழி. அதனால் கடலலைகளை எழுப்பும் இந்த முறையை ஜெர்ரி டெசென்டார்ஃப், கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டுப் பாடக்குறிப்புகளில் விளக்கியிருக்கிறார். நிகழ்நேரக் கடல் செய்ய நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தவை கெர்ஸ்ட்னர் அலைகள். 1802இல் வெளியான அந்தக் கோட்பாட்டில் நீர்த்துகள் வட்டமாகச் சுழலும்; அதனால் முகடு கூர்மையாகவும் பள்ளம் அகலமாகவும் அமையும். எட்டு அலைகளைக் கூட்டினால் ஓர் ஏரிக்குப் போதும். திறந்த கடலுக்கு அது போதவில்லை. 256க்கு 256 கட்டத்தில் எஃப்.எஃப்.டி.யை ஓட்டினால் 65,536 அலைக்கூறுகள் கிடைக்கின்றன. ஆழ்கடலில் 100 மீட்டர் நீள அலை நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் போகும். 1 மீட்டர் அலை 1.25 மீட்டர்தான் போகும். நீண்ட அலைகள் சிற்றலைகளை முந்திச் செல்வதை முதன்முதலில் திரையில் கண்ட அன்று வெகுநேரம் வேறு வேலையே ஓடவில்லை.

ஒரே கட்டத்தை அடுத்தடுத்துப் பரப்பித்தான் கடல் அமைகிறது; ஆகவே உயரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோலம் திரும்பத் திரும்பத் தெரியும். அதை மறைக்க வெவ்வேறு பரப்பளவில் மூன்று அலை அடுக்குகளை வைத்தேன். ஒவ்வோர் அடுக்கும் தனக்குரிய அலைநீளங்களை மட்டுமே சுமக்க வேண்டும் என்பதை அப்போது கவனிக்கவில்லை. ஒரே அலை இரண்டு அடுக்குகளில் எண்ணப்பட்டு, மென்காற்றிலும் கடல் கொந்தளித்தது. காற்றின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பல வாரங்கள் வீணாயின.

உண்மையான சோதனை படகைக் கடலில் இறக்கியபோதுதான் வந்தது. அலைகள் இருப்பது ஜிபியுவில், அதாவது வரைகலைச் செயலியில். படகின் இயக்கத்தைக் கணக்கிடுவது கணினியின் மையச் செயலியான சிபியு. 'இந்த இடத்தில் நீர்மட்டம் எவ்வளவு?' என்று படகு கேட்டால், ஜிபியுவைக் காக்கவைக்காமல் வாங்கும் பதில் இரண்டு மூன்று ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) தாமதமாகத்தான் வரும். பெரிய கப்பலில் அது தெரியாது. நான்கு மீட்டர்ப் படகோ அலை கடந்தபிறகு எழும்பும். போதாக்குறைக்கு அலைகள் பக்கவாட்டிலும் நகர்கின்றன. ஆகவே ஒரு புள்ளியின் உயரத்தைப் படித்தால், வேறெங்கோ தள்ளிப்போன நீரின் உயரம் கிடைக்கும். அந்த நகர்வைக் கழித்துவிட்டு மீண்டும் படிக்க வேண்டும். மூன்று நான்கு சுற்றில் விடை நிலைபெறுகிறது. இப்போது நெடிய அலைகளின் அடுக்கை மட்டும் 64க்கு 64 கட்டத்தில் சிபியுவிலும் கணக்கிடுகிறோம். சிற்றலைகள் படகுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஒரு முடிவுதான் திட்டத்தைக் காப்பாற்றியது.

ஒளியைப் பொறுத்தவரை எனக்கு ஒரே பிடிவாதம்: பார்க்கும் கோணத்துக்கேற்ப எதிரொளிப்பு மாறும் ஃப்ரெனெல் விளைவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர்குத்தாகப் பார்த்தால் 2 சதவீத ஒளிதான் எதிரொளிக்கும். சாய்ந்து பார்க்கப் பார்க்க வானமே மேற்பரப்பை மூடிக்கொள்ளும். இதற்கு ஷ்லிக் என்பவர் 1994இல் தந்த தோராயச் சூத்திரம், நிறத்தைக் கணக்கிடும் ஜிபியு நிரலான ஷேடரில் ஒரே வரி. அடுத்து, ஆழத்துக்கேற்ப சிவப்பு முதலில் மங்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான அலைகூட நீராகத் தெரியும். இவை தவறினால் எத்தனை ஆயிரம் அலைகளைச் சேர்த்தாலும் நீல நெகிழித் தாள்தான்.

நுரைக்கு, மேற்பரப்பு எங்கே எவ்வளவு நெருக்கப்படுகிறது என்று காட்டும் யாக்கோபியன் மதிப்பையே பயன்படுத்துகிறேன். மேற்பரப்பு தன்மீதே மடியும் இடத்தில் அது சுழியத்துக்குக் கீழே போகும். அங்கே வெண்மையைத் தூவி மெல்லக் கரையவிட்டால் போதும். இதுவரை தொல்லை தரவில்லை.

ஆற்றுக்கோ குளத்துக்கோ இந்த முறையைப் பரிந்துரைக்கமாட்டேன். இதற்குக் கரை தெரியாது. தரை மேடாவதும் தெரியாது. படகு பின்னால் விட்டுச்செல்லும் தடமும் தானாக வராது. அதற்குப் படகைச் சுற்றி ஒரு சிறு கட்டத்தில் தனி அலைச் சமன்பாட்டை ஓட்டி, அந்த உயரத்தைக் கடலோடு கூட்டுகிறேன். படகு வேகமாகத் திரும்பும்போது கட்டத்தின் விளிம்பில் தடம் இன்னும் வெட்டுப்படுகிறது. இந்த மாதம் முழுவதும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.