அல்டிமா 7: தி பிளாக் கேட் – ஊர்க்காரர்களுக்காகவே வாங்கலாம்

1992-ல் ஆரிஜின் சிஸ்டம்ஸ் வெளியிட்ட கணினி ஆட்டம். சண்டைக்காக வாங்காதீர்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாத குழப்பம் அது. பார்க்க வேண்டியது கணினியே நடத்தும் ஊர்க்காரர்களை.

ஒரு நாளை மூன்று மணி நேரமாக எட்டுத் துண்டு போட்டு, எந்தத் துண்டில் யார் எங்கே, என்ன வேலையில் இருப்பார் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். வேலை வகைகள் மொத்தமே 32: தூக்கம், கடை பார்ப்பது, தையல், வயல் வேலை, விடுதிச் சாப்பாடு, இப்படி. இவ்வளவை வைத்தே ஊர் முழுக்க நடமாடுகிறது. இருட்டினால் போகிற வழியில் விளக்கேற்றுகிறார்கள், ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

இது வெறும் அலங்காரமும் இல்லை. கடைக்காரர் கடை நேரத்தில் இருந்தால்தான் வியாபாரம். ராத்திரி விடுதியில் பிடித்துக் கேட்டால், கடை திறந்ததும் வரச் சொல்வார். படுக்கைச் சுருளை விரித்து, எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்று சொல்லிப் பொழுதைத் தள்ளுங்கள்.

ரொட்டிகூட நீங்களே சுடலாம். மாவு மூட்டையை இரட்டைக் கிளிக் செய்து மேசையைக் காட்டுங்கள். தண்ணீர் வாளியை மாவின் மேல் பயன்படுத்தினால் பிசைந்த மாவு வரும். அதை அடுப்பில் வைத்துக் கொஞ்சம் பொறுங்கள். பிசைந்த மாவு வரவில்லையென்றால் வாளி காலியா என்று பாருங்கள்.

குறைகளும் உண்டு. துண்டு மாறும் நேரத்தில் பலர் ஒரே சமயம் கிளம்புவது பொம்மலாட்டம் மாதிரி தெரியும். கிழமை வித்தியாசமே கிடையாது. திரைக்கு வெளியே போனவர் நடப்பதில்லை, நேரே அடுத்த இடத்தில் இருப்பார். ஒருவரைப் பின்தொடர்ந்தால் திரையை விட்டு நழுவ விடாதீர்கள்.

நிறுவுவதுதான் தலைவலி. கணினி நினைவகத்தைக் கையாள ஆட்டம் தனியாக வைத்திருக்கும் நிரல், அந்தக் காலத்து டாஸ் இயங்குதளத்திலேயே அதன் நினைவக நிரலான இஎம்எம்386-உடன் மோதும். வேகத்துக்கும் கட்டுப்பாடு இல்லை; இன்றைய கணினியில் டாஸ் ஆட்டங்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலில் சைக்கிள் எண்ணிக்கையை, அதாவது வேக அளவை, கூட்டினால் எல்லோரும் ஓடுவார்கள். ஜிஓஜி இணையக் கடையின் பதிப்பை வாங்கி, அதன் ஸ்டாட்டிக் (STATIC) கோப்புறையை, இந்த ஆட்டத்தை இன்றைய கணினியில் ஓட்டும் இலவச நிரலான எக்ஸல்ட்டுக்குக் காட்டுவதே நல்லது. எக்ஸல்ட் மட்டும் இருந்தால் போதாது, ஆட்டத்தின் கோப்புகளும் வேண்டும்.

கையேட்டையும் வரைபடத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரான டிரின்சிக்கின் வாசலில் கடவுச்சொல் கேட்பார்கள். அதைத் தரும் மேயர் அந்த இரண்டிலிருந்தும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.