தாய்க்கோழிக்கு கம்போரோ கில்டு ஊசி, 6 வருஷம் போட்டுப் பாத்த அனுபவம்

நாமக்கல்ல இருந்து வந்து இங்க சிங்கப்பூர்ல லிம் சூ காங் பக்கம் ஒரு முட்டைக்கோழி பண்ணையில சூப்பர்வைசரா இருக்கேன், சின்னதா ஒரு தாய்க்கோழி மந்தையும் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியும் எங்ககிட்டயே இருக்கு. போன வாரம் ஊர்ல இருந்து மச்சான் போன் பண்ணி, கம்போரோவுக்கு (குஞ்சுங்களோட எதிர்ப்பு சக்தியக் கெடுக்குற வைரஸ் நோய்) குஞ்சுக்குத்தான் தண்ணியில லைவ் வேக்சின், அதாவது வீரியம் குறைச்ச உயிர் வைரஸ், குடுக்குறோமே, தாய்க்கு வேற எதுக்கு கில்டு ஊசி, அதாவது செத்த வைரஸ் ஊசின்னு கேட்டாரு. அவருக்குச் சொன்னதத்தான் கொஞ்சம் விலாவரியா எழுதுறேன்.

நான் சேந்த புதுசுல எங்க குஞ்சுங்க கும்பலா ஒண்ணும் சாகல. அதனாலேயே கம்போரோன்னு யாருக்கும் தோணல. ராணிக்கெட்டு நோய்க்கு வேக்சின் போட்டும் டைட்டர், அதாவது ரத்தத்துல எதிர்ப்புப் பொருளோட (ஆன்டிபாடி) அளவு, ஏறாது, ஈகோலை கிருமி நோய் வரும், ஒரே பேட்ச்ல பாதி பெருசா பாதி சோனியா நிக்கும், தீவனத்தக் குறை சொல்லிட்டே இருந்தோம். டாக்டர் வந்து நாலஞ்சு குஞ்ச அறுத்து ஆசனவாய்க்கு மேல இருக்குற பர்சாங்கிற உறுப்பக் காட்டினாரு, சுருங்கிக் கெடந்துச்சு. முதல் 3 வாரத்துக்குள்ள இந்த கம்போரோ வைரஸ் புகுந்தா வெளிய பெருசா ஒண்ணும் தெரியாது, ஆனா எதிர்ப்பு சக்தி உருவாகுற எடமான பர்சாவே போயிடும், அப்புறம் எந்த வேக்சின் போட்டும் சரியா புடிக்காது. இது ஷெட்டுக்குள்ள மாசக்கணக்குல உயிரோட கெடக்குற வைரஸ் வேற, கழுவிட்டோம்னு நிம்மதியா இருக்க முடியாது.

அந்த 3 வாரத்துக்கு குஞ்சுக்குத் தாய் குடுக்குறதுதான் பாதுகாப்பு. வளர்ற வயசுல தாய்க்கோழிக்கு லைவ் வேக்சின் குடுத்து, முட்டைக்கு வர்றதுக்கு முன்னாடி 16ல இருந்து 18 வாரத்துக்குள்ள எண்ணெய் கலந்த கில்டு ஊசி நெஞ்சு சதையில 0.5 மில்லி போடுறோம். அதுல உண்டாகுற ஆன்டிபாடி மஞ்சக்கரு வழியா குஞ்சுக்குப் போகுது.

மருந்து நல்லதுதான், போடுற கைதான் முக்கியம். ரெண்டாவது வருஷம் மழை வருதுன்னு ஒரே மத்தியானத்துல அவசரமா போட்டு முடிச்சோம், ரத்தம் எடுத்து எலைசா (ஆன்டிபாடி அளவு பாக்குற டெஸ்ட்) பாத்தா சராசரி அருமையா இருக்கு, ஆனா 20 சாம்பிள்ல 5 ரொம்பக் கீழ. அந்தக் கோழிங்களுக்கு ஊசி சரியாவே இறங்கல. ஒரு தாய்க்கோழி 100 குஞ்சுக்கு மேல குடுக்கும், அதுல ஒண்ணுக்குக்கூட ஒழுங்கா பாதுகாப்பு இருக்காதுன்னு நினைச்சப்ப மனசு ரொம்ப வலிச்சுது. இப்பல்லாம் நான் சராசரிய முதல்ல பாக்குறதே இல்ல, ஏத்த இறக்கம் எவ்வளவுன்னுதான் பாப்பேன். பாட்டில ஃப்ரிட்ஜ்ல இருந்து சில மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வைங்க, குளிர்ந்த எண்ணெய் கெட்டியா இருந்தா அளவும் தப்பும், நெஞ்சுல கட்டியும் விழும். ஃப்ரீசர்ல மட்டும் வச்சுடாதீங்க, உறைஞ்சா வீண்.

இன்னொண்ணு. பங்களாதேஷ் தம்பி ஒருத்தனுக்குக் கோழி துள்ளினதுல ஊசி விரல்ல ஏறிடுச்சு. கிளினிக்ல சின்னக் குத்துதான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, நான் மருந்தோட லீஃப்லெட்ட எடுத்துட்டு அவனக் கூட்டிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், அன்னிக்கு ராத்திரியே விரலக் கீறி எண்ணெய வெளிய எடுத்தாங்க. இந்த எண்ணெய் உள்ள தங்கினா ரத்த ஓட்டம் நின்னு விரலே போகும், வலி இல்லன்னாலும் உடனே போங்க, லீஃப்லெட்டோட போங்க.

மச்சான் கேட்ட லைவ் வேக்சின் விஷயத்துக்கு வர்றேன். தாயோட ஆன்டிபாடி நிறைய இருக்குறப்ப குஞ்சுக்கு லைவ் குடுத்தா அது வேக்சினையே அழிச்சிடும். முட்டைக்கோழி குஞ்சுல அந்த ஆன்டிபாடி பாதியா குறைய 5, 6 நாள் ஆகும், பிராய்லர்ல 3, 4 நாளே போதும். அதனால 20 குஞ்சு கிட்ட ரத்தம் எடுத்து டெவன்டர் ஃபார்முலா (ஆன்டிபாடி எப்ப போதுமான அளவு குறையும்னு சொல்ற கணக்கு) வச்சு லைவ் குடுக்குற தேதி கணக்குப் போடுறோம், தாய்க்கு வயசு ஏற ஏற குஞ்சுக்குப் போறதும் குறையுதுன்னு ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் தெரியுது, ஒரே தேதிய வருஷம் பூரா வச்சு ஓட்ட முடியாது.

செலவு இருக்கு, ஆள் வேணும், புடிச்சு போடுற அன்னிக்கு கோழி மிரண்டு தீவனம் குறையும். ஆனாலும் நான் நிறுத்த மாட்டேன், ராணிக்கெட் டைட்டர் இப்ப ஒழுங்கா ஏறுது, பேட்ச் ஒரே சீரா நிக்குது. அடுத்த மந்தைக்கு வர்ற மாசம் 16 வாரம் ஆகுது, புது ஊசி வாங்கி வச்சாச்சு. மச்சான்கிட்ட முதல்ல 20 குஞ்சு ரத்தத்த லேபுக்கு அனுப்புங்க, ரிப்போர்ட் வந்ததும் பேசுவோம்னு சொல்லியிருக்கேன்.