மரத்துப்போன காலும் பச்சை கேப்ஸ்யூலும்: இரண்டு மாத அனுபவம்

செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன். பாதம் அந்த அளவுக்கு மரத்திருந்தது. "நரம்புக்கு நல்லது சார்" என்று மருந்துக்கடைப் பையன் நீட்டியது பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூல், 400 மில்லிகிராம். எங்கள் வீட்டில் அதுவரை மகள் முகத்தில் தடவ மட்டுமே உடைத்த சரக்கு.

விழுங்கச் சுலபம், வாசனை இல்லை. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம். மரமரப்பு துளியும் குறையவில்லை.

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு நான் சாப்பிடும் மெட்ஃபார்மின், நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 சத்தைக் குறைக்கக்கூடியது. ரத்தப் பரிசோதனையில் அதுதான் பாதாளத்தில் இருந்தது. நரம்பு செல்களின் சவ்வு சிதையாமல் வைட்டமின் ஈ காப்பது உண்மைதான். அது நிஜமாகவே குறைந்தால் நடை தள்ளாடும், உணர்ச்சி மங்கும். ஆனால் அந்தக் குறைபாடு பெரும்பாலும் குடல் கொழுப்பை உறிஞ்சாதவர்களுக்கும், அரிதான பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கும்தான் வரும். பெரியவர்களுக்கு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும். ஒரு கைப்பிடி பாதாமிலேயே கிட்டத்தட்ட பாதி வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் அண்ணனுக்கும் ஒரு அட்டை கொடுக்க இருந்தேன். நல்லவேளை, கொடுக்கவில்லை: இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்தாம்.

கேப்ஸ்யூலில் குறை இல்லை, ஐந்துக்கு மூன்று. என் காலுக்கான மருந்து அது இல்லை, அவ்வளவுதான். மீதி அட்டை மகளிடம் போய்விட்டது.